இரு பரிமாணப் பொருளில் ஒளி விழுந்தால் சூடு எங்கே போகிறது?

பட்டமளிப்பு விழா சீசனில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கச் செய்திகளில் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: இரு பரிமாண நானோ பொருட்களில் ஒளி, வெப்ப இடைவினைகள் குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம். அதற்குக் கீழே, இந்த ஆய்வு புற்றுநோய் சிகிச்சைக்கும் சூரிய ஆற்றலுக்கும் அடுத்த தலைமுறை சிப்புக்கும் உதவும் என்று இரண்டு வரி சேர்த்திருப்பார்கள். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. படித்தவர் குழம்பாமல் வேறென்ன செய்வார்?

அந்த நடுப்பகுதி ஒரு கணக்கு வேலை. விழுந்த ஒளியில் எவ்வளவு உள்ளே போனது, அதில் எவ்வளவு ஒளியாகவோ மின்சாரமாகவோ வெளியே வந்தது, மிச்சம் எவ்வளவு சூடாக மாறியது, அந்தச் சூடு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேறியது. இவ்வளவுதான். புதுப் பொருளைத் தயாரித்தோம் என்பது செய்திக்கு அழகாக இருக்கும், ஆனால் ஆய்வேட்டின் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இரு பரிமாணம் என்று எதைச் சொல்கிறார்கள்

பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்கள் அறுகோண வலை போலப் பிணைந்த தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தாளுக்குள் அணுக்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு மிகவும் வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பதோ வான் டெர் வால்ஸ் விசை என்னும் லேசான ஈர்ப்பு. காகிதத்தில் இழுத்தால் தாள்கள் உரிந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான். அப்படி உரித்துக்கொண்டே போய் ஒரே ஒரு தாளில் நிறுத்தினால் அது கிராஃபீன். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் டேப்பை வைத்தே இதைப் பிரித்துக் காட்டினார்கள். 2010-இல் நோபல் பரிசு வந்தது. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர். தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மெல்லியது என்று புரியும்.

கிராஃபீனோடு கதை முடியவில்லை. இந்தத் துறையில் அடிக்கடி வரும் மற்றவை:

1. மாலிப்டினம் டைசல்ஃபைடு. மெக்கானிக் ஷாப்பில் கறுப்பு கிரீஸில் கலந்திருப்பது இதுவேதான். இது குறைகடத்தி. கட்டியாக இருக்கும்போது ஒளியை உமிழ்வதில் மகா மந்தம். ஒற்றை அடுக்காக மெலிந்தால் குணமே மாறிவிடும். கட்டியில் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், ஒற்றை அடுக்கில் சுமார் 1.8 ஆகிறது, அதோடு நேரடியாக ஒளி உமிழும் வகைக்கும் மாறுகிறது. 2010-இல் இது தெரிந்த பிறகுதான் ஒளி ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள்.
2. அறுகோண போரான் நைட்ரைடு. மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மற்றப் பொருட்களுக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் பயன்படுகிறது.
3. மேக்ஸீன்கள். 2011-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டவை. டைட்டானியம் கார்பைடு வகைதான் அதிகம் ஆராயப்படுகிறது. உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும், கறுப்பாக இருக்கும், ஒளியை விழுங்கிச் சூடாக்குவதில் கெட்டி.

ஒரு எச்சரிக்கை இங்கேயே சொல்லிவிடலாம். கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் நடப்பது ஹைட்ரோதெர்மல் முறை: சோடியம் மாலிப்டேட்டையும் தயோயூரியாவையும் தண்ணீரில் கரைத்து, உள்ளே டெஃப்லான் கிண்ணம் வைத்த ஸ்டீல் ஆட்டோகிளேவில் ஊற்றி, இறுக்கி மூடி, 200 டிகிரிப் பக்கம் ஒரு நாள் ஓவனில் வைப்பது. திறந்தால் கறுப்புத் தூள் வரும். அந்தத் தூளில் பெரும்பாலும் பல அடுக்குகள் சேர்ந்த துகள்தான் இருக்கும், ஒற்றை அடுக்கு அல்ல. அதையும் இரு பரிமாணம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒற்றை அடுக்கின் பெருமையை இந்தத் தூளுக்கும் சேர்த்து எழுதினால் அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஒளி உள்ளே போவது எவ்வளவு

ஒற்றை அடுக்கு கிராஃபீன் அதன் மேல் விழும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சுகிறது. 2008-இல் அளந்த எண் இது. இதில் அதிசயம் என்னவென்றால், இந்த எண் கிராஃபீனின் தனிப்பட்ட குணங்கள் எதையும் சார்ந்ததில்லை. பை என்னும் 3.14-ஐ 137-ஆல் வகுத்தால் 0.023 வரும், அவ்வளவுதான். ஒளியும் எலக்ட்ரானும் எவ்வளவு வலுவாக இடைவினை புரியும் என்று சொல்லும் மாறிலி சுமார் 137-இல் ஒரு பங்கு. இயற்பியலின் அப்படி ஒரு அடிப்படை மாறிலி, ஒரு கண்ணாடித் துண்டையும் விளக்கையும் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நேராக வெளியே தெரிவது அபூர்வம்.

ஒரு அணு தடிமனுக்கு 2.3 சதவீதம் என்பது மிக அதிகம். அதே சமயம், மீதி 97.7 சதவீதம் அப்படியே கடந்து போய்விடுகிறது என்பதும் உண்மை. விழும் ஒளியில் 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டுமானால், பிரதிபலிப்பை விட்டுவிட்டுப் போட்டால், கிட்டத்தட்ட 100 அடுக்கு வேண்டும். நூறு அடுக்கு சேர்த்தாலும் 34 நானோமீட்டரைத் தாண்டாது. சூரிய வெப்பம் பற்றிப் பேசும் எந்த ஆய்விலும் ஒற்றை அடுக்கை வைத்து வேலை நடக்காது, நிறைய சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

விழுந்த பிறகு நடப்பது, நேர வரிசையில்

நேரத்தின் அளவு இங்கே ரொம்பச் சின்னது. பிகோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு பிகோ நொடியில் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். ஃபெம்டோ நொடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1. ஒளித்துகள் ஒன்று எலக்ட்ரானிடம் தன் ஆற்றலைக் கொடுக்கிறது. எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவுகிறது.
2. சில பத்து ஃபெம்டோ நொடிகளில் அந்த எலக்ட்ரான் மற்ற எலக்ட்ரான்களோடு மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கிறது. வலுவான லேசர் துடிப்பு விழுந்தால் கிராஃபீனின் எலக்ட்ரான்கள் 1,000 டிகிரிக்கு மேலே போய்விடும். தாள் எரிந்துவிடாதா? எரியாது. கம்பி மத்தாப்பின் பொறி கையில் விழுந்தால் பெரிதாகச் சுடாதே, அது போலத்தான்: வெப்பநிலை அதிகம், அதில் அடங்கிய வெப்பமோ மிகக் குறைவு.
3. ஓரிரு பிகோ நொடிக்குள் எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை அணுக்களின் அதிர்வாக மாற்றுகின்றன. படிகத்தில் அணுக்கள் கூட்டாக அதிரும் அந்த அதிர்வின் ஒரு பொட்டலத்துக்கு ஃபோனான் என்று பெயர். நாம் சூடு என்று தொட்டு உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.
4. ஃபோனான்கள் தாளின் ஓரமாகவும், தாளுக்குக் கீழே உள்ள பொருளுக்குள்ளும் பரவுகின்றன. தாளுக்குள் நடந்ததோடு ஒப்பிட்டால் இது மெதுவான கட்டம்.

குறைகடத்தியாக இருந்தால் நடுவில் இன்னொரு படி உண்டு. மாலிப்டினம் டைசல்ஃபைடில் மேலே போன எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலி இடமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிதான் எக்ஸிடான். ஒற்றை அடுக்கில் இந்தப் பிடிப்பு மிக வலுவானது, அறை வெப்பநிலையிலும் பிரியாது. ஜோடி மறுபடி சேரும்போது ஒன்று ஒளி வரும், இல்லையென்றால் சூடு வரும்.

எவ்வளவு ஒளி, எவ்வளவு சூடு? 532 நானோமீட்டர் பச்சை லேசரின் ஒவ்வொரு துகளிலும் 2.33 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. வெளியே வரும் சிவப்பு ஒளித்துகளுக்குச் சுமார் 1.85. வித்தியாசமான 0.48, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, எல்லாமே கச்சிதமாக நடந்தாலும் சூடாகத்தான் போகும். நடைமுறையில் சாதாரணமாகத் தயாரித்த ஒற்றை அடுக்கில் நூறு துகள் உள்ளே போனால் ஒன்றுகூட ஒளியாகத் திரும்புவதில்லை. ஆகவே மின்னும் பொருள் என்று பேர் வாங்கிய இதுவும் உண்மையில் ஒரு சூடேற்றிதான். விளக்கு செய்ய நினைப்பவருக்கு இது நஷ்டம், சூடு வேண்டும் என்பவருக்கு லாபம்.

சூடு வெளியேறும் வழிதான் சிக்கலே

கிராஃபீன் வெப்பத்தைப் பிரமாதமாகக் கடத்தும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 2008-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு குழு, அந்தரத்தில் தொங்கும் ஒற்றை அடுக்கில் அளந்தபோது மீட்டர் கெல்வினுக்கு 5,000 வாட் அளவில் வந்தது. செம்பு 400 சொச்சம். பத்து மடங்குக்கு மேல்.

ஆனால் தொங்கும் தாளில் யாரும் சிப் செய்ய மாட்டார்கள். அதே தாளை சிலிக்கான் டை ஆக்சைடு மேல் படுக்க வைத்து 2010-இல் அளந்தால் 600-தான். தாளின் மேலும் கீழுமான அதிர்வுகள்தான் கிராஃபீனில் வெப்பத்தைச் சுமப்பதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. கீழே உள்ள பரப்பு அதை ஒட்டிப் பிடித்துக்கொண்டால் அவை அடங்கிவிடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இரண்டு வேறு பொருட்கள் தொடும் இடத்தில் வெப்பம் சுலபமாகத் தாண்டாது, அந்த எல்லைக்கென்றே ஒரு தடை உண்டு. திரவ ஹீலியத்தில் 1941-இல் ரஷ்ய இயற்பியலாளர் கபிட்ஸா கண்டது இது. ஒரு அணு தடிமனுள்ள தாளில் உள்ளே என்று சொல்ல எதுவுமே இல்லை, எல்லாமே எல்லைதான். அதனால் சிப்பில் இரு பரிமாணக் குறைகடத்தி எவ்வளவு சூடாகும் என்பதை அந்தப் பொருளைவிட அதற்கும் கீழே உள்ளதற்கும் நடுவே உள்ள ஒட்டுதல்தான் அதிகம் முடிவு செய்கிறது.

ஆகவே ஒரு கட்டுரையிலோ செய்தியிலோ வெப்பக் கடத்துதிறன் எண் ஒன்று வந்தால், அது தொங்கும் தாளா, படுத்த தாளா, அமுக்கிய தூளா என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

இவ்வளவு மெல்லிய தாளின் சூட்டை அளப்பது எப்படி

தெர்மாமீட்டர் வைக்க முடியாது. வைத்தால் தெர்மாமீட்டர்தான் தாளைச் சூடாக்கும், இல்லை குளிரவைக்கும். அதனால் ஒளியையே வைத்து அளக்கிறார்கள். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் கண்ட விளைவுதான் கருவி: ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அணுக்களின் அதிர்வுக்குத் தக்கபடி அதன் நிறம் மிகச் சிறிதளவு மாறும். பொருள் சூடானால் அதிர்வு தளரும், அந்த மாற்றமும் நகரும்.

செய்முறை இப்படிப் போகும். சிலிக்கான் தகட்டில் சில மைக்ரான் அகலத்துக்குத் துளை போட்டு அதன் மேல் தாளைப் பரப்புகிறார்கள். தகட்டின் மேல் 300 நானோமீட்டர் ஆக்சைடு பூச்சு இருக்கும். கண்ணுக்கே தெரியாத ஒற்றை அடுக்கு, அந்தப் பூச்சின் மேல் மட்டும் மைக்ராஸ்கோப்பில் லேசான ஊதாக் கறை போலத் தெரியும். பிறகு:

1. சூடேற்றும் மேடையில் வைத்து, தெரிந்த வெப்பநிலைகளில் ராமன் கோட்டின் இடத்தைக் குறிக்கிறார்கள். கிராஃபீனின் முக்கியக் கோடு 1,580 அலை எண் (நிற மாற்றத்தை அளக்கும் அலகு) பக்கம் இருக்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.016 கீழே இறங்கும். நூறு டிகிரி ஏறினாலும் 1.6-தான்.
2. மேடையை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, லேசரின் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கிறார்கள். இப்போது சூடேற்றுவதும் லேசர்தான், அளப்பதும் லேசர்தான்.
3. இரண்டையும் சேர்த்தால் இவ்வளவு வாட் உள்ளே போனால் இவ்வளவு டிகிரி ஏறுகிறது என்று கிடைக்கும். அதிலிருந்து கடத்துதிறன்.

மூன்றாவது படியில்தான் வில்லங்கம். லேசரின் திறன் தெரியும். தாள் உறிஞ்சியது எவ்வளவு? துளையின் அடியில் பட்டுத் திரும்பி வரும் ஒளியையும் சேர்ப்பதா, விடுவதா? இங்கே எடுக்கும் முடிவு விடையை அப்படியே இழுத்துக்கொண்டு போகும். தொங்கும் கிராஃபீனுக்கே 5,000 வந்த இடத்தில் இன்னொரு குழு உறிஞ்சலைத் தனியாக அளந்து பார்த்தபோது 2,500 பக்கம் வந்தது. அறையும் சும்மா இருக்காது. அக்னி நட்சத்திர நாளில் வேலூரில் ஏசி நின்றால் ஆய்வக வெப்பநிலை ஏறி, நிறத்தைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் அளவே கொஞ்சம் நகரும், நாம் தேடும் நகர்வோ ஒன்றரை அலை எண். அதனால் பொறுப்பாக வேலை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் சிலிக்கானின் 520 பக்கத்துக் கோட்டைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

இதே ஒளி, வெப்பக் குழப்பம் இன்னொரு இடத்திலும் வருகிறது. கரைசலில் கலந்த நானோ தாள்களின் வழியாக லேசரைக் குவித்து, மாதிரியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளியின் வலுவுக்கு ஏற்ப ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் இசட் ஸ்கேன் முறை நம் ஊர் இயற்பியல் துறைகளில் பிரபலம், ஏனென்றால் செலவு குறைவு. ஃபெம்டோ நொடித் துடிப்பு லேசர் விலை அதிகம் என்பதால் இடைவிடாமல் ஒளிரும் தொடர் லேசரையே வைத்து அளப்பவர்கள் நிறையப் பேர். தொடர் லேசர் கரைசலைச் சூடாக்கும், சூடான இடம் ஒரு லென்ஸ் போல ஒளியை விரிக்கும், ஒளிவிலகல் எண்ணின் மாற்றம் பல ஆயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும். அதை வெப்ப விளைவு என்று எழுதினால் நல்ல ஆய்வு. பொருளின் எலக்ட்ரான்களே அவ்வளவு வலுவாக வினைபுரிகின்றன என்று எழுதினால், கணக்கில் சூட்டை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

பயன்கள்: முதலில் சீக்கிரம் முடிகிறவை

புற்றுநோய்க்குச் சொல்லப்படுவது இது: 700 முதல் 900 நானோமீட்டர் வரை உள்ள அகச்சிவப்பு ஒளி தசைக்குள் ஓரளவு ஊடுருவும், கட்டிக்குள் சூடேறும் துகள் இருந்தால் அந்த இடம் மட்டும் 43 டிகிரிக்கு மேல் போய்ச் செல்கள் சாகும். இயற்பியல் சரியானதுதான். துகள் கட்டிக்குப் போகிறதா, வேலை முடிந்ததும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குகிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு இயற்பியல் ஆய்வேட்டில் விடை இருக்காது. இரு பரிமாணப் பொருட்களில் இந்த வேலை பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும்தான் நடந்திருக்கிறது. செய்தியைப் பார்த்துவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இந்தச் சிகிச்சை இருக்கிறதா என்று கேட்டு ஏமாற வேண்டாம்.

சிப் விஷயம் மேலேயே வந்துவிட்டது. ஒளி உணரியில் மட்டும் ஒரு சுவாரசியம்: கிராஃபீனில் இரண்டு பகுதிகள் சேரும் சந்தியின் ஒரு பக்கத்து எலக்ட்ரான்கள் சூடாகி மறு பக்கம் குளிராக இருந்தால் அந்த வித்தியாசமே மின்னோட்டத்தைத் தரும். அங்கே சூடு வீணாகாமல் சமிக்ஞையாகவே மாறுகிறது.

நம் ஊருக்கு ஒட்டி வருவது: உப்புத் தண்ணீர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் பச்சைத்தோல் உப்பு போட்டுத்தான் வரும். அதை ஊற வைத்துக் கழுவிய தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். பாலாற்றில் இந்தக் கழிவு கலந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்த வேலூர் வழக்கின் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு உப்புத் தண்ணீரை வெளியே விடாமல், ஆழமில்லாத தொட்டிகளில் தேக்கி வெயிலில் வற்ற வைப்பது ஒரு வழியானது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக உப்புப் பொருக்கு கட்டியிருக்கும், நடுவில் கலங்கிய தண்ணீர், மழை பெய்தால் முதலிலிருந்து ஆரம்பம்.

ஒளியைச் சூடாக மாற்றும் இரு பரிமாணப் பொருளுக்கு இங்கே வேலை உண்டு. மேக்ஸீனையோ கிராஃபீன் ஆக்சைடையோ பூசிய மிதக்கும் தாளைத் தண்ணீரின் மேல் போட்டால் வெயில் தொட்டி முழுவதையும் சூடாக்காமல் மேல் படலத்தை மட்டும் சூடாக்கும். தண்ணீர் துணித்திரி வழியாக மேலே ஏறி ஆவியாகும். மேக்ஸீன் உறிஞ்சிய ஒளியில் கிட்டத்தட்ட முழுவதும் சூடாக மாறுகிறது என்று 2017-இல் அளந்திருக்கிறார்கள்.

சரி, எவ்வளவு வற்றும்? உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட். ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் ஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். வகுத்தால் ஒன்றரை கிலோ. தட்டையான ஒரு பரப்பில் வெயிலை மட்டும் நம்பினால் இதுதான் உச்சவரம்பு, எந்தப் பொருளைப் பூசினாலும். மணிக்கு 3 கிலோ என்று எழுதும் கட்டுரைகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் மாதிரி கூம்பாகவோ தூணாகவோ உயர்ந்து நிற்கும், பக்கச் சுவர்கள் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் சூட்டை எடுத்துக்கொள்ளும், ஆனால் பரப்பைக் கணக்கிடும்போது அடிப்பாகத்தை மட்டும் எடுத்திருப்பார்கள். ஒரே ஒரு மாதிரி நின்றால் சுற்றிலும் காற்று தாராளம். ஒரு ஏக்கர் தொட்டியில் நெருக்கமாக நட்டால் ஒன்று குளிர்வித்த காற்றுதான் அடுத்ததற்குக் கிடைக்கும்.

ஒப்பீட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் செயற்கை வெயில் காட்டி, வெறும் தண்ணீரைவிட மூன்று நான்கு மடங்கு வேகம் என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வெறும் தண்ணீர் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். நிஜத் தொட்டி பகலில் வாங்கிய சூட்டில் ஒரு பகுதியை வைத்து சாயங்காலமும் ராத்திரியும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே நாள் கணக்கில் பார்த்தால் அந்த மூன்று நான்கு மடங்கு நிற்காது என்பது என் கணிப்பு. இருபத்து நான்கு மணி நேரம், நிஜ ஊறல் தண்ணீர், நிஜ வெயில் என்று அளந்த ஆய்வேட்டுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அப்புறம் உப்பு. தண்ணீர் மேலே ஏறி ஆவியானால் உப்பு அங்கேயே படியும். பொருக்கு வெள்ளை நிறம், அது ஒளியைத் திருப்பி அனுப்பும். சில நாளில் கறுப்புத் தாள் உப்புத் தாளாகிவிடும். உப்பு ஓரமாக மட்டும் படியும்படி திரியை அமைப்பது, ராத்திரியில் மறுபடி கரைந்து கீழே இறங்கும்படி விடுவது என்று வழிகள் தேடுகிறார்கள்; கரைந்து இறங்கும்படி விட்டால் சூடும் அதே வழியாகக் கீழே ஒழுகும். மேக்ஸீனுக்கு இன்னொரு பலவீனம், தண்ணீரிலும் காற்றிலும் இருந்தால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து டைட்டானியம் டை ஆக்சைடாக மாறிவிடும், அதாவது கறுப்பு போய் வெளிறும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி வேகமாக வற்ற வைத்தாலும், அடியில் மிஞ்சுவது சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் அழுக்கும் கலந்த உப்பு. மழையில் கரையும் என்பதால் அதை எங்கேயும் சும்மா கொட்ட முடியாது. வேகம் கூடினால் அந்த மூட்டைகள் இன்னும் சீக்கிரம் சேரும். உப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பச்சைத்தோலுக்கே போடுவதும், முதலிலேயே தோலை உதறிக் காய்ந்த உப்பைத் தட்டி எடுத்துவிட்டு ஊற வைப்பதும் தனி வேலைகள். அவற்றுக்கு லேசரும் வேண்டாம், மேக்ஸீனும் வேண்டாம்.